சட்டைப் பையில் தைத்த லத்தீன்

கான்வென்ட் பள்ளிக்குப் போகிற பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், கொடியில் காயும் சீருடையை ஒரு நிமிஷம் கையில் எடுத்துப் பாருங்கள். சட்டைப் பையின் மேல் ஒரு கேடயம். அதற்குள் விளக்கோ, திறந்த புத்தகமோ, சிங்கமோ இருக்கும். அடியில் நாடா போல வளைந்த ஒரு பட்டை. பல பள்ளிகளில் அந்தப் பட்டையில் இருக்கும் இரண்டு மூன்று சொற்களின் எழுத்து ஆங்கிலம். மொழி ஆங்கிலம் அல்ல, லத்தீன். பிள்ளையைக் கேட்டால், "அதுதான் ஸ்கூல் மோட்டோ" என்று பதில் வரும். அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. பத்து வருஷம் நெஞ்சுக்கு நேராகச் சுமந்த சொற்கள்!

பிள்ளைகளை மட்டும் சொல்வானேன்? நாம் சட்டம் போட்டு மாட்டிய பட்டச் சான்றிதழில் இருக்கிறது லத்தீன். நகராட்சிக் கட்டடத்தில், உடற்பயிற்சிக் கூடத்துக் கண்ணாடியில், மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் டேங்கில், இப்போது இளைஞர்களின் முன்கையில் பச்சை குத்தியும் இருக்கிறது. இன்று எந்தக் குழந்தையும் தாலாட்டில் கேட்டுக் கற்காத ஒரு மொழி, நம்மைச் சுற்றி இத்தனை இடத்தில் எழுதப்பட்டிருக்கிறது. எழுதி வைத்தவர்களும் படிப்பதில்லை, பார்ப்பவர்களும் படிப்பதில்லை.

நான் லத்தீன் பண்டிதன் அல்ல. முப்பது வருஷம் நான் வேலை பார்த்த அலுவலகத்தில் அடுத்த மேஜைக்காரர் ஒரு கோவாக்காரர். பாதிரியாராக வேண்டும் என்று குருமடத்தில் சேர்ந்து, ஆறு வருஷம் லத்தீன் படித்துவிட்டு, மனம் மாறி எங்களைப் போல் குமாஸ்தாவாக வந்தவர். டிபன் வேளையில் அவருக்கு நான் தயிர்சாதம் கொடுப்பேன், அவர் எனக்கு லத்தீன் கொடுப்பார். எந்த மோட்டோவைக் காட்டினாலும் உடனே அர்த்தம் சொல்ல மாட்டார். "பஹலே பூரா லைன் படோ" என்பார். முதலில் முழு வரியையும் படி என்பது அவர் சட்டம். இந்த மோட்டோக்களில் பல, ஏதோ ஒரு பழைய கவிதையிலிருந்தோ வேதநூலிலிருந்தோ பிய்த்து எடுத்த துண்டுகள். முன்னும் பின்னும் என்ன இருந்தது என்று தெரியாமல் துண்டுக்கு அர்த்தம் சொன்னால், வாலைப் பிடித்துப் பார்த்து யானை கயிறு போல இருக்கிறது என்று சொன்ன கதைதான்.

என் அப்பாவின் சான்றிதழைக் கொண்டு இதைச் சொல்கிறேன். அப்பா கும்பகோணம் கல்லூரியில் படித்து 1946-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பி.ஏ. பட்டம் வாங்கியவர். அடுத்த வருஷம் டைப்ரைட்டிங் ஹையரும் ஷார்ட்ஹாண்டும் கையில் வைத்துக்கொண்டு பம்பாய்க்கு ரயிலேறினார். மாதுங்காவில் எங்கள் ஒற்றை அறைக் குடித்தனத்தில் சுவாமி படங்களுக்கு அடுத்த மரியாதை அந்தச் சான்றிதழுக்குத்தான். அதன் முத்திரையில் இருந்த சொற்களை ஒருநாள் எழுத்துக் கூட்டிப் படித்தேன்: "டாக்ட்ரினா விம் ப்ரொமோவெட் இன்சிடம்". அப்பாவிடம் அர்த்தம் கேட்டேன். "அது பரீட்சைக்கு வரலைடா" என்றார்.

டாக்ட்ரினா என்றால் கல்வி. விம் என்றால் ஆற்றலை. ப்ரொமோவெட் என்றால் முன்னே நகர்த்துகிறது, வளர்க்கிறது. இன்சிடம் என்றால் உள்ளே ஊன்றப்பட்ட, கூடவே பிறந்த. "உள்ளே பிறந்த ஆற்றலைக் கல்வி வளர்க்கிறது." 1857-ல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தின் முத்திரையில் இன்றும் இதுதான் இருக்கிறது. நல்ல வாசகம், எந்தப் பள்ளி ஆண்டுவிழாவிலும் தலைமை விருந்தினர் சொல்லக்கூடியது. இதற்கு மேல் இதில் என்ன இருக்கிறது என்றுதான் நானும் நினைத்தேன்.

கோவாக்காரர் முழு வரியைத் தேடி எடுத்துவந்தார். ஹோரஸ் என்ற ரோமானியக் கவிஞர், கி.மு. முதல் நூற்றாண்டுக்காரர், தன் பாடல்களின் நான்காம் தொகுதியில் எழுதியது. மூல வரியில் கல்வி என்ற சொல்லுக்கு அடுத்து ஒரு சின்னச் சொல் இருக்கிறது: "செட்". அதற்கு "ஆனால்" என்று பொருள். பல்கலைக்கழகத்து மோட்டோவில் அந்த "ஆனால்" இல்லை.

எதற்கு ஆனால்? அதற்கு முன்னால் என்ன சொல்லியிருக்கிறார் என்று பார்க்க வேண்டும். அகஸ்டஸ் சக்கரவர்த்தியின் மனைவிக்கு முதல் கணவன் மூலம் பிறந்த மகன் ட்ரூசஸ். கி.மு. 15-ல் ஆல்ப்ஸ் மலைப்பக்கத்து இனங்களை வென்று திரும்பிய அந்த இளைஞனைப் புகழும் பாட்டு இது. புகழ்ச்சிப் பாட்டு என்றால் குலப்பெருமை இல்லாமல் இருக்குமா? வீரர்களுக்கு வீரர்களே பிறப்பார்கள், காளைக்கும் குதிரைக்கும் தகப்பனின் குணம்தான் வரும், கழுகு புறாவைப் பெறாது என்றெல்லாம் அடுக்கிக்கொண்டே போகிறார் ஹோரஸ். நம் ஊரில் "புலிக்குப் பிறந்தது பூனையாகுமா" என்பார்களே, அதேதான். அரண்மனையில் எல்லோரும் தலையை ஆட்டியிருப்பார்கள். அந்த இடத்தில்தான் அந்தச் சின்னச் சொல் வருகிறது: ஆனால், உள்ளே பிறந்த ஆற்றலைக் கல்விதான் வளர்க்கிறது, நல்ல பயிற்சிதான் நெஞ்சை உறுதியாக்குகிறது.

இந்த "ஆனால்" யார் வாயிலிருந்து வருகிறது என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஹோரஸின் அப்பா ஒரு காலத்தில் அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர். தெற்கு இத்தாலியில் வெனூசியா என்ற சிற்றூர். கொஞ்சம் நிலம், ஏலப் பணம் வசூலிக்கும் வேலை. உள்ளூரில் பள்ளிக்கூடம் இருந்தது; ராணுவ அதிகாரிகளின் பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடம். அது போதாது என்று அந்த மனிதர் மகனை அழைத்துக்கொண்டு தலைநகரம் ரோமாபுரிக்கே போனார். பெரிய வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் ஆசிரியர்களிடம் சேர்த்தார். பெரிய வீட்டுப் பிள்ளைகளுக்குத் துணையாக ஒரு வேலையாள் போவது அங்கே வழக்கம். இவருக்கு ஏது வேலையாள்? தானே மகனுக்குத் துணையாக ஒவ்வொரு ஆசிரியர் வீட்டுக்கும் நடந்தார். இதையெல்லாம் ஹோரஸே வேறொரு கவிதையில் எழுதி வைத்திருக்கிறார். என்னை அடிமையின் மகன் என்கிறார்கள், சொல்லட்டும், எனக்கு வேறு அப்பா வேண்டாம் என்ற தொனியில் எழுதியிருக்கிறார்.

ஊரை விட்டு வந்து பிள்ளையைப் படிக்க வைத்த அப்பாக்கள் இந்தப் பத்திரிகையைப் படிக்கிற வீடுகளில் எத்தனை பேர்! ஹோரஸின் அப்பாவை நமக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

குலத்தைப் புகழ வேண்டிய இடத்தில் அவர் குலத்தை மறுக்கவில்லை. மறுத்திருந்தால் பாட்டு அரங்கேறியிருக்காது. ஒரு "ஆனால்" போட்டார். சென்னைப் பல்கலைக்கழகத்துக்காக அந்த வரியை எடுத்தவர்கள் கழுகையும் காளையையும் விட்டுவிட்டார்கள், "ஆனால்" என்பதையும் விட்டுவிட்டார்கள். மோட்டோவில் "ஆனால்" என்று ஆரம்பித்தால் நன்றாக இருக்காது என்பதுதான் காரணமாக இருந்திருக்கும். என் அபிப்பிராயம், வெட்டியதில் வாசகம் பெரிதாகிவிட்டது. மூலத்தில் இருப்பது வீரனுக்குப் பிறந்த வீரனின் உள்ளாற்றல். முத்திரையில் இருப்பது யாருடைய உள்ளாற்றல் என்று சொல்லவில்லை. யாருடையதாகவும் இருக்கலாம். புதுக்கோட்டையில் தேவதாசி குலத்துத் தாய்க்குப் பிறந்து, பெண்பிள்ளைக்குக் கல்லூரியா என்ற எதிர்ப்பைத் தாண்டிப் படித்து, 1912-ல் அந்தப் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பட்டம் பெற்றாரே டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, அவருடையதாகவும் இருக்கலாம். 1927-ல் அவர் சென்னைச் சட்டசபைக்குள் நுழைந்தபோது அவருக்கு எந்த ட்ரூசஸின் வம்சாவளியும் தேவைப்படவில்லை.

ஒரு சங்கதி. லத்தீன் ஏதோ தேவபாஷை என்று பயப்பட வேண்டாம். தமிழ் இலக்கணம் தெரிந்தவருக்கு அதன் போக்கு சீக்கிரம் பிடிபட்டுவிடும். நம்மைப் போலவே சொல்லின் வாலில் உருபு ஒட்டி வேற்றுமை காட்டும் மொழி அது. "ராமன் மரத்தை வெட்டினான்" என்பதை எப்படிப் புரட்டிப் போட்டாலும் "ஐ" இருக்கிற இடத்தில் மரம் வெட்டுப்படும் அல்லவா? அங்கேயும் அப்படித்தான். இதற்கு நம் ஊர்ப் போக்குவரத்திலேயே உதாரணம் இருக்கிறது. பிரான்ஸில் 1820-களில் யார் வேண்டுமானாலும் காசு கொடுத்து ஏறலாம் என்று ஒரு குதிரை வண்டி விட்டார்கள். அதற்கு லத்தீனில் "ஆம்னிபஸ்" என்று பெயர். "எல்லோருக்கும்" என்று அர்த்தம். "ஆம்னி" எல்லோர், "பஸ்" என்பது நம் நான்காம் வேற்றுமை "கு" போல வெறும் உருபு. இங்கிலாந்துக்காரன் தலையை வெட்டிவிட்டு உருபை மட்டும் வைத்துக்கொண்டான். ஆக நாம் தினமும் ஏறுவது "பஸ்" அல்ல, "க்கும்". தீபாவளிக்கு ஊருக்குப் போக ஆம்னி பஸ்ஸில் டிக்கெட் விலை கேட்டவர்களுக்கு, அது எல்லோருக்கும் இல்லை என்பது தெரியும்.

மறுபடி மோட்டோவுக்கு வருவோம். மும்பையில் போரிபந்தர் ஸ்டேஷனுக்கு, அதாவது வி.டி.யாக இருந்து இப்போது சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ் ஆகியிருக்கும் ஸ்டேஷனுக்கு எதிரே, 1893-ல் கட்டி முடித்த மாநகராட்சிக் கட்டடம் நிற்கிறது. இரண்டையும் வடிவமைத்தவர் எஃப்.டபிள்யூ. ஸ்டீவன்ஸ். மாநகராட்சியின் முகப்பில் உயரத்தில் சிறகு விரித்த ஒரு பெண் உருவம். அவள் பெயர் "உர்ப்ஸ் ப்ரிமா இன் இண்டிஸ்". 1877-ல் பம்பாய் நகராட்சிக்குக் கிடைத்த சின்னத்தின் வாசகமே அதுதான்: இந்தியாவில் முதல் நகரம். இதற்குப் பழைய கவிதை எதையும் தேடிப் போக வேண்டியதில்லை. ஊர் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொண்டது. அப்போது தலைநகரம் கல்கத்தா! 1911 வரை அதுதான் தலைநகரம். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது பருத்தி விற்றுச் சம்பாதித்த மிதப்பு பம்பாய்க்காரர்களை அப்படிப் பேச வைத்தது என்று நினைக்கிறேன். கல்கத்தாவும் சும்மா இல்லை. 1896-ல் அது வாங்கிய சின்னத்தில் "பெர் அர்டுவா ஸ்டாபிலிஸ் எஸ்டோ" என்று போட்டது. இடுக்கண்களின் ஊடே உறுதியாக நில் என்பது பொருள். பம்பாய் நெஞ்சை நிமிர்த்துகிறது, கல்கத்தா பல்லைக் கடிக்கிறது. இரண்டு ஊரிலும் இருந்தவர்கள், இந்தக் குணங்கள் இன்னும் மாறவில்லை என்பார்கள்.

மும்பை மாநகராட்சி பிறகு லத்தீனை விட்டு சமஸ்கிருதத்துக்கு மாறியது. "யதோ தர்மஸ் ததோ ஜய:". தர்மம் எங்கேயோ வெற்றி அங்கே. உச்ச நீதிமன்றத்தின் சின்னத்திலும் இதே வாசகம். மகாபாரதத்தில் பல பேர் வாயில் பல இடங்களில் இது வருகிறது. ஆனால் மறக்க முடியாத இடம் காந்தாரியுடையது. போர் நடந்த பதினெட்டு நாளும் துரியோதனன் வந்து, "அம்மா, ஜெயிப்பாய் என்று ஆசீர்வாதம் பண்ணு" என்கிறான். பெற்ற மகன். அவள் இந்த நாலு சொல்லை மட்டும் சொல்லி அனுப்புகிறாள். பொய் சொல்லாமல், மகனைச் சபிக்கவும் இல்லாமல், ஒரு தாய் எவ்வளவு சொல்ல முடியுமோ அவ்வளவு. தண்ணீர் வரி ரசீதில் அந்தச் சின்னத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கண்ணைக் கட்டிக்கொண்ட அந்த அம்மாள் நினைவுதான் வருகிறது.

தோபி தலாவ் பக்கம் இருக்கும் செயின்ட் சேவியர்ஸ் கல்லூரி 1869-ல் தொடங்கியது. நம் சங்கத்துப் பிள்ளைகள் சிலர் அங்கே படித்திருக்கிறார்கள். அதன் வாசகம் "ப்ரோவோகான்ஸ் ஆட் வோலாண்டும்". பறக்கத் தூண்டுகிற என்று பொருள். யார் யாரைத் தூண்டுவது? துண்டில் அது இல்லை. விவிலியத்தின் உபாகமம், 32-ஆம் அதிகாரம், மோசேயின் பாட்டு. கழுகு தன் கூட்டைக் கலைத்து, குஞ்சுகளின் மேல் சிறகடித்து அவற்றைப் பறக்கத் தூண்டுகிறது. பிறகு சிறகை விரித்து அவற்றைத் தன்மேல் ஏற்றிச் சுமக்கிறது. கடவுள் தன் மக்களைப் பாலைவனத்தில் அப்படி நடத்தினார் என்பது உவமை. கல்லூரி எடுத்துக்கொண்டது நடுத்துண்டு. கூட்டைக் கலைப்பதும் சுமப்பதும் வெளியே நிற்கின்றன. பட்டமளிப்பு விழாவில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெற்றோர்களுக்கு அந்த இரண்டும் தனியாகத் தெரிந்திருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். ஹோரஸின் கழுகு குலத்தைக் காட்ட வந்தது. இந்தக் கழுகு பாடம் நடத்த வந்தது. எனக்கு இதுதான் பிடிக்கும்.

உடற்பயிற்சிக் கூடங்களில் காணும் "மென்ஸ் சானா இன் கார்ப்பரே சானோ" பலருக்கும் தெரிந்ததுதான்: நலமான உடலில் நலமான மனம். உடம்பைத் தேற்றினால் மனசு தானாகத் தேறும் என்று தண்டால் எடுக்கிறவர்களுக்குச் சொல்கிறார்கள். எழுதிய ஜுவெனல் அப்படிச் சொல்லவே இல்லை. அவர் ஓர் அங்கதப் புலவர், சிரித்துக்கொண்டே அடிப்பவர். பத்தாம் கவிதையில், மனிதர்கள் கோயிலில் என்னென்ன கேட்கிறார்கள் என்று வரிசையாகப் பிடிக்கிறார். பதவி கேட்டவன் பதவியாலேயே செத்தான். நாவன்மை கேட்ட சிசரோ அந்த நாவாலேயே தலையை இழந்தான். ஆல்ப்ஸ் மலையைக் கடந்த ஹன்னிபால் கடைசியில் பள்ளிக்கூடப் பையன்களின் பேச்சுப்போட்டித் தலைப்பானான். நீண்ட ஆயுள் கேட்டவன் பிள்ளைகளின் சாவைப் பார்க்கத்தான் உயிரோடிருந்தான். சரி, எதையாவது கேட்டே தீருவேன் என்றால், நலமான உடம்பில் நலமான மனசு வேண்டும் என்று கேள். சாவைக் கண்டு அஞ்சாத நெஞ்சைக் கேள் என்று முடிக்கிறார். அது வாக்குறுதி அல்ல, பிரார்த்தனை. இரண்டும் சேர்ந்து கிடைப்பது அபூர்வம் என்பதால்தானே கேட்கச் சொல்கிறார்! ஜப்பானிய ஷூ கம்பெனி ஒன்று 1977-ல் இதில் "மென்ஸ்" என்பதை "அனிமா" ஆக்கி, ஐந்து சொற்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்து "ஆசிக்ஸ்" என்று பெயர் வைத்துக்கொண்டது. காலையில் மரைன் டிரைவில் ஓடுகிறவர்கள் பலர் ஜுவெனலின் பிரார்த்தனையைக் காலில் கட்டிக்கொண்டுதான் ஓடுகிறார்கள்.

கையில் பச்சை குத்துகிறவர்களுக்குப் பிரியமானது "கார்ப்பே டியெம்". இன்றைய நாளை அனுபவி, செலவழி, சுற்று என்று அர்த்தம் பண்ணுகிறார்கள். இதுவும் ஹோரஸ்தான். "கார்ப்பே" என்றால் பறி. பூவையும் பழத்தையும் பறிக்கிற பறி. பாட்டில் லூக்கொனோயி என்ற ஒரு பெண் தனக்கும் அவனுக்கும் ஆயுசு எவ்வளவு என்று பாபிலோனிய ஜோசியக் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அதைப் பார்க்காதே, வருவது வரட்டும், நாளையை அதிகம் நம்பாமல் இன்றைப் பறித்துக்கொள் என்கிறான் அவன். ஜாதகக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு மாட்ரிமோனியல் பக்கம் புரட்டுகிற நம் வீடுகளில்தான் முதலில் மாட்ட வேண்டிய வாசகம் இது.

"லபோர் ஓம்னியா வின்சிட்", உழைப்பு எல்லாவற்றையும் வெல்லும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பல பள்ளிகளும், அமெரிக்காவில் ஓக்லஹோமா மாநிலமும் இதை வைத்திருக்கின்றன. வர்ஜில் எழுதிய உழவுக் கவிதையில் வினை இறந்தகாலத்தில் இருக்கிறது, உழைப்புக்கு ஓர் அடைமொழியும் இருக்கிறது: ஈவிரக்கமற்ற, அடங்காத. பூமி தானாக விளைந்து கொடுத்த பொற்காலத்தைத் தேவராஜன் முடித்துவைத்தான். பாம்புக்கு விஷம் கொடுத்தான், நெருப்பை ஒளித்து வைத்தான். பிறகு எங்கு பார்த்தாலும் ஓயாத உழைப்பும் முடையும் வந்து ஆக்கிரமித்தன என்பது செய்தி. உழைத்தால் ஜெயிக்கலாம் என்பது வேறு, உழைப்பு எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டது என்பது வேறு. காலை 6.12 லோக்கலைப் பிடிக்கிறவர்களுக்கு வர்ஜில் சொன்னது சட்டென்று புரியும்.

மோட்டோ என்று யாரும் மாட்டி வைக்காமலே நம்மை அலைக்கழிக்கும் லத்தீனும் உண்டு. "போனஃபைடு" சர்டிபிகேட்டுக்குப் பள்ளிக்கூட அலுவலகத்தில் நிற்காத பெற்றோர் யார்? "போனா ஃபிடே" என்றால் நல்ல நம்பிக்கையோடு, நாணயத்தோடு என்று அர்த்தம். நம் பையன் இங்கே படிக்கிறான் என்று யாரும் நல்ல நம்பிக்கையோடு ஒப்புக்கொள்ளாததால்தான் அந்தக் காகிதமே தேவைப்படுகிறது. அடுத்தது "டொமிசைல்". "டோமுஸ்" என்றால் வீடு. அதிலிருந்து வந்த சொல் இது. எங்கள் மகளுக்குக் கல்லூரி இடம் கேட்டபோது ரேஷன் கார்டு, பள்ளிச் சான்றிதழ், பழைய மின்சார பில்கள் எல்லாம் பரண்மேலிருந்து இறங்கின. எத்தனை வருஷம் இருந்தால் வீடு வீடாகும் என்று லத்தீன் சொல்லவில்லை. மகாராஷ்டிர விதி சொல்கிறது: 15.

நம் தேசச் சின்னத்தில் "சத்யமேவ ஜயதே". முண்டக உபநிஷத்திலிருந்து எடுத்தது. அங்கே பேசப்படுவது வழக்கு அல்ல. ஆசையைக் கடந்த ரிஷிகள் போகும் பாதை. தமிழ்நாடு அரசுச் சின்னத்தில் அது "வாய்மையே வெல்லும்" ஆகியிருக்கிறது. எந்தத் தாலுகா அலுவலகச் சுவரில் அதைப் பார்த்தாலும் எழுத்துக் கூட்டத் தெரிந்த யாருக்கும் புரியும். அந்த மட்டில் பெரிய லாபம்.

இவ்வளவும் மற்றவர்கள் மாட்டியது. நாம் மாட்டுவது என்ன? தமிழ்நாட்டுக்கு வெளியே தமிழ்ச் சங்கங்கள் அழைப்பிதழிலும் மலர் அட்டையிலும் மேடைத் திரையிலும் தவறாமல் போடுவது கணியன் பூங்குன்றனாரின் ஒரே ஓர் அடி. எந்த அடி என்று நான் எழுதிக்காட்ட வேண்டியதில்லை. எல்லா ஊரும் நம் ஊர், எல்லோரும் நம் உறவு என்று ஊர் விட்டு வந்தவர்களுக்கு அது ஆறுதலாக இருக்கிறது. வந்த ஊர்க்காரர்களிடம் காட்டவும் சௌகரியமாக இருக்கிறது. கோவாக்காரர் இருந்திருந்தால் கேட்டிருப்பார்: பூரா லைன் எங்கே?

புறநானூறு 192-ஆம் பாட்டு. மொத்தம் 13 அடி. நாம் மாட்டுவது முதல் அடி மட்டும். அதற்குப் பின்னால் வருகிற பன்னிரண்டில் ஊரைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. கெடுதலும் நன்மையும் பிறர் தந்து வருவதில்லை. நோவதும் ஆறுவதும் அப்படியே. சாவு புதிதல்ல. வாழ்க்கை இனிது என்று குதிக்கவும் இல்லை, வெறுத்து ஒதுக்கவும் இல்லை. மழை பெய்து பாறையில் மோதி இரைந்து ஓடும் பேராற்றில் தெப்பம் நீர் போன வழியே போவதுபோல உயிர் அதன் முறைவழியே போகும். இதைத் தெளிந்துகொண்டோம்; ஆகவே பெரியவர்களைக் கண்டு வியப்பதும் இல்லை, சிறியவர்களை இகழ்வது அதைவிடவும் இல்லை. பாட்டு அங்கே முடிகிறது. முதல் அடிக்குக் காரணம் கடைசி இரண்டு அடியில் இருக்கிறது. எல்லோரும் உறவு என்று சொல்வது சுலபம். யாரைப் பார்த்தும் வாய் பிளக்காமல், யாரையும் தாழ்வாகப் பார்க்காமல் ஒரு மண்டபத்தில் சேர்ந்து உட்காருவது அவ்வளவு சுலபமாக இல்லை. மாதுங்காவில் ஆபீசர்களாகவும் ஸ்டெனோக்களாகவும் இருந்த தமிழர்களும், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தாராவிக்கு வந்து தோல் பதனிட்ட தமிழர்களும் இதே ஊரில் அரைமணி நடை தூரத்தில் எத்தனை வருஷம் தனித்தனியாகப் பொங்கல் கொண்டாடினார்கள் என்பது மூத்தவர்களுக்குத் தெரியும். நம் விழாக்களில் இன்றும் முன்வரிசை நாற்காலிகளில் சீட்டு ஒட்டுகிறோம்.

சங்கத்து மாடி ஹாலுக்குப் புதுப் பலகை எழுதப் போகிறார்கள். பெயருக்குக் கீழே வழக்கம்போல அந்த முதல் அடி என்று செயற்குழுவில் பேச்சு. கடைசி இரண்டு அடியையும் சேர்த்தால் என்ன என்று கேட்டேன். பலகை எட்டடிதான் என்றார் செயலாளர். எழுத்துக்கு இவ்வளவு என்று பெயிண்டர் கணக்குச் சொல்கிறார் என்றார் பொருளாளர். துணைத் தலைவர் அம்மாள் மட்டும், இடம் போதாவிட்டால் முதல் அடியை எடுத்துவிட்டுக் கடைசி இரண்டை மட்டும் போடலாமே என்றார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. காபி வந்தது. அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்திருக்கிறார்கள்.